உங்களுக்குத் தெரியுமா? இரண்டு விடை மட்டும் வரவே வராது!

ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமன்பாட்டுக்குச் சரியாக இரண்டு தீர்வுகள் இருக்கவே முடியாது. வெவ்வேறான இரண்டு எண்கள் பொருந்திவிட்டால், எல்லா எண்ணும் பொருந்தும்!

விருதுநகர் மாவட்டச் சிவகாசியின் தீப்பெட்டியை வைத்தே பார்க்கலாம். அங்கே கூடிய உற்பத்தியாளர்கள், 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி விலையை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆக்கினார்கள். குச்சி 36-லிருந்து 50 ஆகும் என்றும் அறிவித்தார்கள். பெட்டிகளின் எண்ணிக்கையை 'ப' என்று வைப்போம்.

• 50ப + 36 = 36ப + 50. இடப்பக்கம் புதுப்பெட்டிகளும் 36 உதிரிக் குச்சிகளும். வலப்பக்கம் பழைய பெட்டிகளும் 50 உதிரிகளும். சுருக்கினால் 14ப = 14. ப = 1. ஒரே தீர்வு.

• 50ப + 36 = 50ப + 50. 'ப' அடிபட்டுப் போய், 36 = 50 என்று நிற்கிறது. தீர்வே இல்லை. (குறையும் 14 குச்சிக்கு எங்கே போவது?)

• 50ப + 100 = 50(ப + 2). இரு பக்கமும் ஒன்றேதான். எண்ணிலடங்காத் தீர்வுகள்.

முழுக்கக் கணக்குப் போடவும் வேண்டாம். அடைப்பைப் பிரித்ததும் 'ப'-வின் கெழுக்களைப் பாருங்கள். அவை வேறானால் தீர்வு ஒன்றுதான். ஒன்றாக இருந்தால் மட்டுமே மீதி எண்களைப் பார்க்க வேண்டும்.