கடைசி வாளித் தண்ணீர்

அம்பத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு வண்டி துடைக்கும் அண்ணன் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். போன வாரம் ஒரு கறுப்புக் காரின் முன்கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். "எவ்ளோ தேச்சாலும் போவல சார், உப்பு பூத்துடுச்சு" என்றார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "ஆர்ஓ மிஷின்லேர்ந்து வெளிய போவுற தண்ணி சார். வீணாத்தானே போவுதுன்னு மாடி வீட்டம்மா புடிச்சு வெச்சுக் குடுக்குறாங்க."

அந்த அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது, நமக்குப் பக்கத்து வில்லிவாக்கத்துக்குத்தான். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சொட்டைக் கீழே விடவும் கை வராது. ஆனால் கண்ணாடியைக் கெடுப்பது அந்த வாளிதான். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல நீராகப் பிரிந்தால், மூன்று லிட்டரின் உப்பு ஏறக்குறைய முழுவதும் மீதி இரண்டு லிட்டரில் வந்து சேர்கிறது. போர்த் தண்ணீரே தேவலை.

அதுவும் லேசுப்பட்டதல்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல தெருக்களில் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கீசர் காயிலில் வெள்ளை ஓடு கட்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. நிலத்துக்குள் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொள்கிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நீர் காயும்போது வாயு வெளியேறிவிடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். கிளிஞ்சல் எதனால் ஆனதோ, அதே பொருள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நடுவில் 1,000 என்றே வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் வாளியில் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி உப்பு. அதைத்தான் தினமும் காரின் தலையில் கொட்டுகிறோம்.

கறை ஏன் வட்டமாக விழுகிறது? காபிச் சொட்டு விழுந்து காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் சகாக்களும் அதற்கு விடை கண்டார்கள். சொட்டின் விளிம்பு பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாக, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. தன்னிடம் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு. உப்புக் கறையும் பெரும்பாலும் அப்படித்தான் விளிம்பு கட்டுகிறது.

பஞ்சில் வினிகர் நனைத்து ஒரு வட்டத்தின் மேல் வைத்தேன். எடுத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெள்ளை விளிம்பிலிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. கால்சியம் கார்பனேட்டுக்குள் கட்டுண்டிருந்த கரியமில வாயுதான் வெளியேறுகிறது. ஐந்து நிமிடத்தில் விளிம்பு கரைந்தது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்த வினிகர் போதும். வண்டி நிழலில், சூடு ஆறி நிற்க வேண்டும். பெயின்ட் என்றால் மறைவான ஓர் இடத்தில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். காயும் முன் கழுவிவிட வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் எடுக்காதீர்கள். அது உலோகத்தையும் தின்னும், கையையும் தின்னும்.

வறட்டுத் தேய்ப்பு அதைவிட மோசம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிவுக்கு 3, கண்ணாடிக்குச் சுமார் 5.5. ஆகவே கறை கண்ணாடியைக் கீறாது. ஆனால் அதோடு கலந்திருக்கும் தெருப் புழுதியின் மணலுக்கு 7. பெயின்டுக்கு மேலே உள்ள கிளியர் கோட்டோ தலைமுடியைவிட மெல்லியது, 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு தேய்ப்பும் அதில் கொஞ்சம் கொண்டுபோகும்.

நாள்பட்ட கறை வினிகருக்கும் அசையாது. ஜிப்சமும் சிலிக்காவும் அப்படி. அதற்கும் மேலே, ஈரம் தேங்கித் தேங்கிக் காய்ந்தால் கண்ணாடியிலிருந்தே சோடியம் கசிகிறது. அந்த ஈரம் காரமாகிக் கண்ணாடியின் மேல்பரப்பை அரிக்கிறது. பிறகு சீரியம் ஆக்சைடு போட்டுப் பாலிஷ் செய்பவரிடம்தான் போக வேண்டும். இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இரவில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் அந்த வட்டங்களில் பட்டுச் சிதறும்போது, குறுக்கே நடக்கும் ஆள் ஒரு கணம் மறைந்துபோகிறார்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பதைவிட, கடைசியாக எந்தத் தண்ணீர் காய்ந்தது என்பதே முக்கியம். போர்த் தண்ணீரில் அழுக்கைப் போக்கிவிட்டு, கடைசி அலசலை மட்டும் உப்பில்லாத நீரில் செய்து மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அந்த நீர் நம் சுவரிலேயே சொட்டுகிறது. ஏசியின் குளிர்ந்த காயிலில் படிந்து வடிவது காற்றின் ஈரம். அதில் சுண்ணாம்புக்கு வழியில்லை. குடிக்க ஆகாது, காருக்கு அருமை. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கு நாலைந்து லிட்டராவது கிடைக்கும்.

அண்ணனுக்குச் சொன்னபோது நம்பவில்லை. துடைத்த கண்ணாடியின் மேல் போர்த் தண்ணீர் ஒரு சொட்டு, பக்கத்திலேயே ஏசித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன். இன்னொரு வண்டியை முடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். இடப்பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம். வலப்பக்கம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க ஒண்ணு வெச்சீங்களே சார், அது எங்க?"