தானே அணைந்து தானே எழும் கணிப்பொறி

"தானாக அணைகிறது, தானாகவே மீண்டும் எழுகிறது, செய்த வேலையெல்லாம் பாதியில் போய்விடுகிறது." மேசைக் கணிப்பொறி வைத்திருப்போர் என்றேனும் ஒரு நாள் சொல்ல நேரிடும் முறையீடு இது. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில், பம்மல், அனகாபுத்தூர் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில், இம்முறையீட்டோடு கணிப்பொறிப் பெட்டியை இருசக்கர வண்டியின் முன்புறத்தில் வைத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடையைத் தேடிச் செல்வோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மடிக்கணினியும் கைப்பேசியும் பெருகிவிட்ட இந்நாளில் மேசைக் கணிப்பொறியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நகல் எடுக்கும் கடை, தட்டச்சு வேலை, கணக்கு எழுதுதல், மாலை நேர வகுப்பு ஆகியவற்றால் பிழைக்கும் குடும்பங்களுக்கு அப்பெட்டியே தொழிற்கருவி. தையற்காரருக்குத் தையல் இயந்திரம் எப்படியோ, இவர்களுக்கு அது அப்படி. பத்தாண்டுகளுக்கு முன் கடன் பட்டு வாங்கிய பொறியாகவும் அது இருக்கக்கூடும். அது நோயுற்றால் "போர்டு போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும்" என்னும் ஒரே தீர்ப்பு எளிதில் கிடைத்துவிடுகிறது. அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானதே. ஆயினும் அதற்கு முன் விசாரணை ஒன்று நடைபெற வேண்டும் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மறுதொடக்கம் நோயன்று, நோயின் அறிகுறி. கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத்தில் சிறு காற்றாடியோடு கூடிய இரும்புப் பெட்டகம் ஒன்று உண்டு. எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் மின்வழங்கி அது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் என்னும் அளவுகளில் மாற்றி உள்ளுறுப்புகளுக்கு அளிப்பது அதன் பணி. இவ்வளவுகள் நிலைபெற்ற பிறகே, "மின்சாரம் நலம்" என்னும் பொருள்படும் சைகை ஒன்றைச் சாம்பல் நிறக் கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அச்சைகை ஒரு கணம் தவறினாலும் தாய்ப்பலகை எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் செய்கிறது. குறைந்த மின்சாரத்தில் தவறாகக் கணக்கிட்டுக் கோப்புகளைக் கெடுப்பதைவிட, வேலையை நிறுத்திவிடுவதே மேல் என்று வடிவமைத்தோர் கருதினர். ஆகவே அடிக்கடி எழுந்து எழுந்து விழும் பொறி நம்மை வஞ்சிக்கவில்லை, எச்சரிக்கிறது.

எப்பொழுது நிகழ்கிறது?

பழுதைக் கண்டறிய வேண்டுமாயின், திருகுளியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுப்பது நன்று. எந்நேரத்தில் அணைந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடத் தொடங்கியது, பொறி என்ன வேலையில் இருந்தது ஆகிய மூன்றையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். மருத்துவர் காய்ச்சல் அட்டையைப் பார்ப்பதுபோல, பழுது பார்ப்பவர் இக்குறிப்பைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பம்மலில் ஓர் இல்லத்தில் நாம் கண்டது இதற்குச் சான்று. கணவரை இழந்த தாயார் ஒருவர் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருடைய கணிப்பொறி நாளுக்கு நான்கைந்து முறை தானே மறுதொடக்கம் ஆயிற்று. தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டனர். நகையை அடகு வைக்கும் யோசனை வரை சென்றுவிட்டார். குறிப்பு எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஒவ்வொரு முறையும், மின்சாரம் தடைப்பட்டு வீட்டு இன்வெர்ட்டர் பொறுப்பேற்ற அந்தக் கணத்திலேயே அது நிகழ்ந்திருக்கிறது. இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு விசை உண்டு. ஒரு பக்கம் சாதாரண நிலை, மறு பக்கம் யு.பி.எஸ். நிலை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் சாதாரண நிலை போதும். அந்நிலையில் மின்சாரம் மாறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். கணிப்பொறி அவ்வளவு நேரம் தாங்காது. விசையை மறுபக்கம் தள்ளியதோடு அவ்வீட்டில் பழுது தீர்ந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. நல்ல மின்வழங்கி, மின்சாரம் அறுந்த பின்னும் ஏறத்தாழ 16 மில்லிநொடி நேரம் தன்னுள் தேக்கிய ஆற்றலைக்கொண்டு பொறியை ஓட்ட வல்லது. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. யு.பி.எஸ். மாறுவதற்கு அதைவிடக் குறைந்த நேரமே தேவைப்படும். மின்வழங்கி முதுமையடைந்து அதன் தேக்கும் திறன் குறைந்தால், யு.பி.எஸ். செம்மையாக இருந்தும் பொறி விழுந்துவிடும். "யு.பி.எஸ். இருந்தும் ஏன் அணைகிறது?" என்று வியப்போர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றில்தான் சிக்கியிருக்கிறார்கள். யு.பி.எஸ்ஸின் மின்கலம் செத்துப்போயிருப்பது மூன்றாவது காரணம். அதைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவையில்லை. பொறியைப் பூட்டாமல் ஒரு மேசை விளக்கை மட்டும் பூட்டிச் சுவர் விசையை அணைத்துப் பாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டியோ, தண்ணீர் மோட்டாரோ ஓடத் தொடங்கும் நேரத்தில் அணைந்தால், குற்றம் வீட்டு மின்னிணைப்பில் இருக்கலாம். பெரிய படக்கோப்பைத் திறக்கும்போதும் விளையாட்டு ஓடும்போதும் மட்டும் அணைந்தால், மின்வழங்கி சுமை தாங்கவில்லை என்று ஐயுறலாம். விலை மலிந்த மின்வழங்கிகளின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணிக்கையை நம் அனுபவத்தில் நாம் அவ்வளவாக நம்புவதில்லை.

சிறு உருளையின் பெருங்கதை

தாய்ப்பலகையின் மேல், நடுச்சில்லுக்கு அருகே, சிறு உருளைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கிகள் இவை. மின்வழங்கி தரும் 12 வோல்ட் மின்சாரம் இங்கே ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கப்பட்டு நடுச்சில்லுக்குச் செல்கிறது. அதில் அலை எழும்பாமல் சமப்படுத்துவன இவ்வுருளைகளே. உள்ளே அலுமினியத் தகடும், வேதிநீரில் நனைத்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

2000ஆம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி 2007 வரை உலகெங்கும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளை வீழ்த்தியது இந்த உருளைதான். தைவானில் செய்யப்பட்ட மின்தேக்கிகள் பலவற்றின் வேதிநீரில், அலுமினியத்தை அரிக்காதபடி காக்கும் பொருள் போதுமானதாக இல்லை. நீரும் அலுமினியமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு எழுந்தது. வாயு அடைபட்டு உருளையின் தலை உப்பியது. சிலவற்றில் வெடித்துப் பழுப்பு நிறக் கசிவு வழிந்தது. 2002ஆம் ஆண்டில் தொழில் இதழ்கள் இதனை வெளிப்படுத்தின. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருடிச் சென்ற குறைபட்ட சூத்திரமே காரணம் என்றும் அக்காலத்தில் எழுதினர், அது நிரூபிக்கப்படவில்லை. டெல் நிறுவனம் மட்டும் 2005ஆம் ஆண்டில் இதற்காக ஏறத்தாழ 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் விற்ற 1 கோடியே 18 இலட்சம் ஆப்டிபிளெக்ஸ் கணிப்பொறிகள் இப்பழுதுக்கு உள்ளாகக்கூடியவை என்று 2010இல் வெளிவந்த நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. ஆப்பிள் நிறுவனமும் ஐமேக் ஜி5 பொறிகளுக்காகத் தனிப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. சில ரூபாய் பெறும் ஓர் உருளை இத்தனை பேரை அலைக்கழித்தது.

அக்காலத்துப் பொறிகள் பல இன்னும் நம் வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெட்டியைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் உருளைகளின் தலையை நோக்குங்கள். தட்டையாக இருந்தால் நலம். அப்பம்போல் உப்பியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பற்றவைப்பில் கைதேர்ந்த ஒருவர், அதே மைக்ரோஃபாரட் அளவும் அதே அல்லது மேற்பட்ட வோல்ட்டும் 105 பாகை என்ற குறியும் கொண்ட, உயர் அலைவெண்ணுக்கு உரிய உருளைகளை இட்டால் பலகை பிழைக்கும். பல்லாவரத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி அண்ணா சாலைப் பக்கம் சென்றால், ரிச்சி தெருக் கடைகளில் இவ்வுருளைகள் கிடைக்கும். பிற்காலத்துப் பலகைகளில் திண்மநிலை மின்தேக்கிகள் வந்துவிட்டமையால் அவற்றில் இவ்வகை உப்பல் அரிது. மின்வழங்கிக்குள்ளோ பழைய வகை உருளைகள் இன்றும் உள்ளன.

இவ்வுருளைக்கு வெப்பம் பகை. வெப்பம் 10 பாகை குறையக் குறைய அதன் ஆயுள் இரு மடங்காகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் உருளை, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ், சுவரோடு ஒட்டி, தூசி அடைத்த காற்றாடியோடு நிற்கும் பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நடுச்சில்லு அளவு மீறிச் சூடேறினால் பொறி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். உடனே தானாக எழுவதில்லை. அணைவதும் எழுவதும் மாறி மாறி நிகழ்ந்தால், சில்லின் பசை உலர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு ஓடிவிட வேண்டா.

நம் பகுதிக்கே உரிய ஓர் ஐயமும் உண்டு. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை என்றாலே தோல் பதனிடும் தொழில்; குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். தோலிலிருந்து மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, அமிலத்தோடு சேர்ந்தால் அழுகிய முட்டையின் நாற்றமுள்ள வாயு எழும். வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்வது அவ்வாயு. 2006ஆம் ஆண்டில் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடுத்த பின், பலகைகள் சிலவற்றுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்று மிகுந்த இடங்களில் அப்பூச்சு அரிக்கப்பட்டுப் பலகைகள் பழுதானது அதன்பின் பல நாடுகளில் பதிவாயிற்று. பம்மலில் எத்தனை பொறிகள் இதனால் கெட்டன என்று யாரும் கணக்கெடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஆயினும் கழிவுநீர் ஓடையை ஒட்டிய வீடுகளில், பலகையின் செம்புப் புள்ளிகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பது வீண் வேலையன்று.

ரேம் எனப்படும் நினைவுத் துண்டு அடுத்த சந்தேகத்துக்கு உரியது. அதன் பொன்னிற விளிம்பை மாணவர் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, அழுத்தி மீண்டும் பொருத்துங்கள். இரு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்னும் இலவச நிரலை இரவு முழுதும் ஓடவிட்டு, ஒரே ஒரு பிழை காட்டினாலும் அத்துண்டை விலக்கிவிடலாம். விண்டோஸ் உள்ள பொறியில், பழுது நேர்ந்ததும் தானே மறுதொடக்கம் ஆகும்படி ஓர் அமைப்பு இயல்பாகவே இடப்பட்டிருக்கும். அதை நீக்கிவிட்டால் நீலத்திரை நின்று காரணம் சொல்லும். நீலத்திரையே தோன்றாமல் பட்டென்று அணைந்தால், மின்சாரப் பக்கமே தேட வேண்டும். நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்று எழுதியிருப்பதைக் காட்டி அதுவே நோயின் பெயர் என்று சிலர் அச்சுறுத்துவர். முறைப்படி மூடாமல் பொறி அணைந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அதுதான் நமக்கே தெரியுமே!

முன்புறப் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தாலும் பொறி எழுந்து எழுந்து விழும். தாய்ப்பலகையில் அப்பொத்தானின் இரு சிறு கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இல்லத்தார் செய்யத் தகாததும் ஒன்று உண்டு. மின்வழங்கிப் பெட்டகத்தை எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. வெளியே வரும் கம்பிகளை அளமானியால் அளக்கலாம்: மஞ்சள் கம்பி 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை. பொறி வேலை செய்துகொண்டிருக்கும்போது இவ்வெல்லைக்குக் கீழே இறங்கினால் மின்வழங்கியை மாற்றிவிடுவதே முறை. அதைவிட எளிய வழி, நல்ல நிலையிலுள்ள வேறொரு மின்வழங்கியை ஒரு நாள் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பது.

2015 டிசம்பர் வெள்ளத்தை அடையாற்றங்கரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அனகாபுத்தூர், பொழிச்சலூர், பம்மல் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நனைந்த கணிப்பொறிக்கு உலர்ந்ததா என்று பார்க்க மின்சாரம் கொடுப்பதுதான் மரண அடி. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, நல்ல நீரால் சேற்றைக் கழுவி, நிழலில் பல நாள் உலர்த்திய பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்வழங்கியையும் வன்தகட்டையும் மட்டும் கழுவலாகாது.

வன்தகடு என்றோம். பழுது தொடங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை அதில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்து அறுந்து வந்தால் கோப்புகள் சிதையும். பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள், வாடிக்கையாளரின் கணக்குகள், காலஞ்சென்ற பெற்றோரின் புகைப்படங்கள் யாவும் அத்தகட்டில் இருக்கின்றன. தகட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் வேறொரு பொறியில் பூட்டி முதலில் படி எடுத்துவிடுங்கள். பலகையைப் பற்றிய ஆராய்ச்சி அடுத்த நாளைக்குக் காத்திருக்கும்.

எவ்வளவு முயன்றும் பொறி தேறாவிட்டால், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது தகாது. பலகையில் ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. செம்பை எடுப்பதற்காக அவற்றைக் குடியிருப்புகளிடையே கொளுத்துவோரும் உளர். மின்னணுக் கழிவுகளுக்கென 2022ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மைய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவை சேர வேண்டும். கொடுக்கும்போது வன்தகட்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.