கொட்டுங்க பையை!

நிதி ஆலோசகர் அறை எப்படி இருக்கும்? சுவர் முழுக்கத் திரை, சிவப்பும் பச்சையுமாய் ஓடும் எண்கள், ரெண்டு காதிலும் போன்... இப்படித்தான் நினைத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்து மாடிப்படி ஏறினேன். உள்ளே ஒரு நீள மேசை, ஒரு லேப்டாப், ஒரு டவரா காபி. அவ்வளவுதான்!

"கொட்டுங்க" என்றார் ஆலோசகர் அம்மா, எங்கள் மஞ்சப்பையைக் காட்டி.

கொட்டினோம். இன்ஷூரன்ஸ் பத்திரங்கள், நகைச்சீட்டு அட்டை, பாதியில் நின்ற பாஸ்புக் மூன்று, நான் இதுவரை பார்த்தேயிராத ஓர் அடகு ரசீது! கணவர் சட்டென்று மின்விசிறியை ரசிக்க ஆரம்பித்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. பான் எண், இ-மெயில் இரண்டையும் கொடுத்துக் கேட்டதும், எங்கள் மியூச்சுவல் ஃபண்டுகள் மொத்தமும் ஒரே அறிக்கையாக வந்து விழுந்தன. மறந்தே போன ஒன்றும் அதில் சமர்த்தாய் வளர்ந்திருந்தது! இந்தக் கணக்குகளில் பெரும்பகுதியைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனம் நம்ம சென்னையில்தான் இருக்கிறதாம். அடுத்து, ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய 'உத்கம்' தளம். 10 வருஷமாக யாரும் கேட்காமல் கிடக்கும் வங்கிப் பணத்தை அங்கே தேடலாம். மாமனார் பெயரைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் இருக்கே!

பிறகு எக்செல். வருஷத்துக்கு 30,000 ரூபாய், 20 வருஷம் கட்டினால் 10 லட்சம் தரும் பாலிசி. "6 லட்சம் போட்டா 10 லட்சம்!" என்று ஏஜென்ட் மாமா சொன்னபோது துள்ளிக் குதித்தவள் நான். அந்த அம்மா எண்களைப் போட்டு எண்டரைத் தட்டினார். வருஷ வட்டி, சுமார் 4.65 சதவீதம். துள்ளல் அடங்கியது.

கடைசி அதிர்ச்சி, நாமினி. கல்யாணத்துக்கு முன் கணவர் தொடங்கிய டெபாசிட்டுகளில் எல்லாம் மாமியார் பெயர்! இம்முறை நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

"எந்த ஷேர் வாங்கலாம், மேடம்?" என்று மெல்லக் கேட்டேன். சிரித்தார். "முதல்ல ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்க. அடகை மீட்டெடுங்க. ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் போடுங்க. ஷேர் எங்கேயும் ஓடிடாது." செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அவர். எங்களிடம் கட்டணம் வாங்குகிறார். எதையும் எங்கள் தலையில் கட்டிக் கமிஷன் வாங்க அவருக்கு அனுமதியில்லை. அதனால்தான் அவசரமே காட்டவில்லை போலிருக்கிறது.

வெளியே வந்தபோது மேசையை மூடிக் கிடந்த காகிதமெல்லாம் ஒரே ஃபைலுக்குள்; மொத்தக் கணக்கும் ஒரே பக்கத்தில். மஞ்சப்பை காலி. வழியில் அதில் அரை கிலோ கத்தரிக்காய் வாங்கிப் போட்டுக்கொண்டோம்.