ஸ்கூட் விட்ட கையும் வேண்டாமென்ற சரக்கும்



கடை அடைத்த பிறகோ, கல்யாண வீட்டிலோ நம்மவர்கள் பொழுதுபோக்காக ரம்மி ஆடுவது ஆனைக்குட்டம், திருத்தங்கல், விருதுநகர் எங்கும் உள்ள வழக்கம். கை சரியில்லை என்று ஒருவர் ஸ்கூட் விடுவார். விட்டவர் சும்மா இருக்கமாட்டார். அடுத்தவர் எடுக்கும் சீட்டை எட்டிப் பார்த்து, "அடடா, நான் இருந்திருந்தால் இது எனக்கல்லவா வந்திருக்கும்!" என்பார். அந்த வருத்தம் சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

101 ஆட்டத்தில் வழக்கமாக முதலிலேயே விட்டால் 20 புள்ளி, இடையில் விட்டால் 40, ஃபுல் கொடுத்தால் 80. ஒருவர் கையில் ஜோக்கர் இல்லை, ரம்மியும் சேரவில்லை. இஸ்பேட் 6, 7 மட்டும் ஒட்டி நிற்கின்றன. வேண்டியது 5 அல்லது 8. இரண்டு கட்டிலும் சேர்த்து அவை 4 சீட்டு. கட்டுக்கு ஒரு ஜோக்கர் வீதம் மொத்தம் 106. தன் கையிலுள்ள 13, திறந்த சீட்டு, வெட்டி வைத்த ஜோக்கர் போக, கண்ணுக்குத் தெரியாதவை 91. ஒரு தடவை எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 23க்கு ஒன்று. கிடைத்தாலும் மீதிச் சீட்டுகள் சேர வேண்டும். இதற்காக 20ஐ 40 ஆக்கிக்கொள்வது நல்ல பேரமா? விட்டதே சரி. மேல் சீட்டு 8 ஆகவே இருந்தாலும் விட்டது சரிதான். முடிவெடுத்த நேரத்தில் அது கவிழ்ந்தல்லவா கிடந்தது!

எதை வைப்பது, எதை விடுவது என்பதில் திறமை வேண்டும் என்பதால்தான் 1968ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. (காசு கட்டி ஆன்லைனில் ஆடுவதை 2025ஆம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்துள்ளது. அது வேறு விஷயம்.)

நம் தொழிலிலும் இதே கதைதான். விலை அதிகம், பாக்கியும் வசூலாகவில்லை என்று 50 மூட்டை வத்தலை வேண்டாமென்று விடுகிறோம். பத்து நாளில் விலை ஏறினால் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் நாம் விட்டபின் விலை இறங்கிய சரக்கை யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? ஏறியது மட்டுமே மனதில் நிற்கிறது.

பெரிய ஆபத்து அடுத்த கையில்தான் இருக்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று மோசமான கையோடு உட்கார்ந்து ஃபுல் கொடுப்பவர் உண்டு. வட்டிக்குப் பணம் வாங்கி, ஏறிய விலையில் குடோனை நிரப்பும் வியாபாரியும் உண்டு. சீட்டில் போவது 80 புள்ளி. கடையில் போவது முதல்.

ஆகவே சரக்கை விட்ட அன்றைக்கே தேதி, விலை, காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருஷக் கணக்கு முடிக்கும்போது எடுத்துப் பாருங்கள். காரணம் சரியாக இருந்தால் விலை ஏறியதற்காக வருந்த வேண்டியதில்லை. நாலு மண்டியில் விசாரிக்காமல், வரத்து எப்படி என்று கேட்காமல் விட்டிருந்தால், அந்தப் பழக்கத்தைத்தான் திருத்த வேண்டும்.

கையில் முதல் இருந்தால் அடுத்த வரத்துக்குச் சரக்கு எடுக்கலாம்.