ஒரு குட்டிக்கு ஒரு வீடு!

தெருவில் கிடக்கும் நாய்க்குட்டியைத் தூக்குவது எளிது. நல்ல இடத்தில் சேர்ப்பதுதான் கடினம்

ஆடி அமாவாசை அன்று ராமேசுவரத்தில் கூட்டம் அலைமோதும். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இராது.

அன்று தெரு நாய்களுக்கும் விருந்துதான்! பக்தர்கள் மிச்சம் வைத்த சோறு, இட்லி, வடை எல்லாம் கிடைக்கும்.

மறுநாள் கூட்டம் கலைந்துவிடும். சோறும் போய்விடும்.

மீன் இறங்கும் துறைகளிலும் இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் கழிவை நம்பி இருக்கும் நாய்களின் வயிறு காயும்.

பெரிய நாய் எப்படியோ பிழைத்துக் கொள்ளும். குட்டி என்ன செய்யும்?

பசியோடு சாலைக்கு வரும். யாத்திரை வண்டிகளின் சக்கரத்தில் சிக்கும். இரக்கம் உள்ள யாராவது பார்த்தால் தூக்கிக் கொண்டு போவார்கள்.

அங்கேதான் கேள்வி பிறக்கிறது. தூக்கிய குட்டியை என்ன செய்வது?

வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகள்

1959-ம் ஆண்டு. சென்னையில் மழை வெள்ளம். தெருவில் ஓடிய தண்ணீரில் 2 நாய்க்குட்டிகள் தத்தளித்தன.

அந்த வழியாக வந்தவர் கேப்டன் சுந்தரம். இவர் ஒரு விமானி. இவர் மனைவி உஷாவும் விமானிதான்.

சுந்தரம் குட்டிகளை எடுத்தார். கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. தம் வீட்டுக்கே கொண்டு போனார்!

அந்த 2 குட்டிகளில் தொடங்கியதுதான் "புளூ கிராஸ்" என்ற பிராணிகள் நலச் சங்கம்.

தெரு நாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து, தடுப்பு ஊசி போடும் முறையை இந்தச் சங்கம் 1964-ல் தொடங்கியது. 1996-ல் சென்னை மாநகராட்சியும் அதே வழிக்கு வந்தது.

இத்தனைக்கும் முதல் காரணம், அந்தக் குட்டிகளுக்கு ஒரு வீடு கிடைத்ததுதான்.

மாடியில் இருந்து விழுந்த பத்ரா

2016-ம் ஆண்டு ஜூலை மாதம். சென்னை புறநகரில் ஒரு மாணவர் ஓர் இளம் நாயை மாடியில் இருந்து தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்த நாடே பதறியது.

நாய் செத்திருக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். தேடிப் போனவர்கள் அதை உயிரோடு கண்டார்கள்! எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும், மனிதர்களைக் கண்டதும் அது வாலை ஆட்டியது.

பத்ரா என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சை செய்தார்கள். பிறகு ஓர் இளைஞர் அதைத் தம் வீட்டில் வளர்க்க எடுத்துக் கொண்டார்.

பத்ராவை ஊரே அறியும். அதனால் அதற்கு வீடு கிடைத்தது. பெயர் தெரியாத குட்டிகளின் கதி?

பெண் குட்டி என்றால்...

ஒரு தாய் 5 குட்டி போட்டால், கொழுத்த ஆண் குட்டியை யாராவது எடுத்துப் போவார்கள். பெண் குட்டி வேண்டாம் என்பார்கள். "அது குட்டி போடுமே!" என்பது பயம்.

வீடு கிடைக்காத பெண் குட்டி தெருவில் வளரும். ஓர் ஆண்டுக்குள் தாயாகிவிடும். அதன் குட்டிகளும் தெருவுக்கே வரும்.

இதற்கு வழி இருக்கிறது. ஏறக்குறைய 6 மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிடலாம். அதன் பிறகு குட்டித் தொல்லை இல்லை.

தெருவில் நாய் பெருகினால் மனிதருக்கு மட்டும் துன்பம் அல்ல. தனுஷ்கோடி கடற்கரையில் ஆமைகள் வந்து முட்டை இடும். மணலைத் தோண்டி நாய்கள் அந்த முட்டைகளைத் தின்றுவிடும். அதனால்தான் வனத்துறையினர் முட்டைகளை எடுத்து வந்து, வேலி கட்டிய இடத்தில் பொரிக்க வைக்கிறார்கள்.

ஒரு குட்டிக்கு வீடு கிடைத்தால், ஆமைக்குஞ்சுக்கும் நல்லது!

சம்பந்தம் பேசுவது போல

பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிறோம் அல்லவா? குட்டியைக் கொடுக்கும்போதும் விசாரிக்க வேண்டும். "யாரோ கேட்டார், கொடுத்துவிட்டேன்" என்றால், அடுத்த மாதம் அது தெருவில் நிற்கும்.

என்ன கேட்பது?

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பாட்டி வேண்டாம் என்றால், குட்டி அங்கே நிம்மதியாக இராது.

வாடகை வீடு என்றால், வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா?

அப்பா கடலுக்குப் போய்விட்டால் சோறு வைப்பது யார்? குடும்பத்தோடு வெளியூர் போனால் பார்த்துக் கொள்வது யார்?

நாய் 10 ஆண்டுக்கு மேலும் வாழும். இன்று கேட்கும் பையன் கல்லூரிக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். இது தெரியுமா?

கடைசியாக ஒரு வாக்குறுதி வாங்குங்கள். "வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடமே கொண்டு வாருங்கள். தெருவில் விடாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

அமெரிக்க ஜனாதிபதி வீட்டிலும் இப்படித்தான் நடந்தது! 1960-ல் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய ரஷ்ய நாய் ஸ்டிரெல்கா. அது மாஸ்கோவில் தெரு நாயாகத் திரிந்தது. அதன் குட்டியை 1961-ல் ரஷ்யத் தலைவர் குருசேவ், கென்னடி குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். அந்தக் குட்டி வளர்ந்து, தானும் குட்டிகள் போட்டது. "எனக்குத் தாருங்கள்" என்று ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் இருந்து பொறுக்கி எடுத்துத்தான் 2 குழந்தைகளுக்குக் குட்டி கொடுத்தார்கள்.

சட்டம் சொல்வது

வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

2025 ஆகஸ்டு 22-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. விருப்பம் உள்ளவர்கள் தெரு நாயைத் தத்து எடுக்கலாம். ஆனால் எடுத்தவர் அதை மறுபடி தெருவுக்கு விடக்கூடாது என்று அதில் சொல்லப்பட்டது.

முதல் நாட்கள்

பிறந்து 8 வாரம் ஆகும் வரை குட்டியைத் தாயிடம் இருந்து பிரிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடல் பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு ஊசி உண்டு. 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பு ஊசி கட்டாயம். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி போட வேண்டும்.

வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. குட்டி என்றாலும், கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

உணவுக்குப் பெரிய செலவு இல்லை. உப்பும் காரமும் போடாத சோறு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது. சமைத்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

முதல் 3 நாள் குட்டி பயப்படும். மூலையில் ஒதுங்கும். இரவில் அழும். அடிக்காதீர்கள். 3 வாரத்தில் வீட்டுப் பழக்கம் தெரிந்துவிடும். 3 மாதத்தில் "இது என் வீடு" என்று வாசலில் படுத்துக் கொள்ளும்.

பல குட்டிகள் மறுபடி தெருவுக்குப் போவது அந்த முதல் வாரத்தில்தான். "ராத்திரி எல்லாம் ஊளை இடுகிறது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அது அடங்கியிருக்கும்.

ராமநாதபுரத்தின் பெயரைத் தாங்கிய "மண்டை" என்ற நாட்டு நாய் இனம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பேர் பெற்ற இனங்களும் உண்டு. பணம் கொடுத்து வாங்குகிறார்கள். தெருக் குட்டிக்குப் பேரும் இல்லை, விலையும் இல்லை. ஆனால், வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் அதுவும் குரைக்கும். வீட்டுக்காரர் வந்தால் அதுவும் ஓடி வரும்.

உங்கள் தெருவில் ஒரு குட்டி நிற்கிறதா? முடிந்தால் வளருங்கள். முடியாவிட்டால், வளர்ப்பவரைத் தேடிக் கொடுங்கள். கொடுத்த பிறகு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். அது உங்களைப் பார்த்துக் குரைத்தால் கோபிக்க வேண்டாம். அதற்கு வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்!