மரையை எண்ணினீர்களா?

வீட்டு மோட்டாரைத் தாமே பழுது பார்த்துக்கொள்வது நல்ல வழக்கந்தான். கூலி மிச்சமாவதுடன், நம் கை நமக்கு உதவியது என்ற திருப்தியும் உண்டு. ஆயினும் விளக்கு மாற்றுவது வேறு. ஸ்டீரிங்கில் கை வைப்பது வேறு. அங்கே ஒருவர் செய்யும் பிழைக்கு வண்டியில் உள்ள அனைவரும் ஈடு கொடுக்க நேரும்.

நமது பழைய வண்டியில் ஒரு சமயம் ஸ்டீரிங் இரண்டு விரற்கடை ஆடிற்று. நண்பர் ஒருவர், “ராக் போய்விட்டது, புதிது போடவேண்டியதுதான்” என்று தீர்ப்பளித்தார். ராக் என்பது ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்சட்டம், விலை அதிகம். வாங்கப் புறப்படுமுன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஆட்டிப் பார்த்தோம். இடமும் வலமும் பிடித்து அசைத்தபோது ஆடியது; மேலும் கீழும் பிடித்தபோது ஆடவில்லை. மேலும் கீழும் ஆடியிருந்தால் சக்கரத்தின் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ சந்தேகிக்கலாம். நமது வண்டியில் தேய்ந்திருந்தது டை ராட் எண்ட் என்னும் சிறு மூட்டு மட்டுமே. ஆகையால் டயரின் காற்று, சக்கர நட்டுகள், மூட்டுகள் என்று மலிவானவற்றை முதலில் சோதித்து, ராக்கைக் கடைசியில் சந்தேகிப்பதே விவேகம்.

அம்மூட்டை நாமே மாற்றி, பெருமையுடன் வண்டியையும் ஓட்டினோம். ஒரே மாதத்தில் முன்டயர்கள் இரண்டும் ஓரம் வழுக்கையாகிவிட்டன! பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, “ஸார், பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று மரையை எண்ணினீர்களா?” என்று கேட்டார். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம் தலை குனிந்தோம்.

அந்த மூட்டு எவ்வளவு உள்ளே திருகப்பட்டிருக்கிறதோ, அதைப் பொறுத்தே சக்கரம் நேராக நிற்கும். ஒரு சக்கரம் தன் வழியிலிருந்து 1 பாகை விலகினாலும், கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்குப் போட்டால் தெரியும். டயர் எப்படித் தாங்கும்? கழற்றுமுன் செக் நட் இருக்கும் இடத்தில் சாயக் குறி இட்டு, சுற்றுகளை எண்ணி எழுதிக்கொள்ளவேண்டும். அப்படிச் செய்தாலும் பட்டறையில் அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். அந்தச் செலவும் ரிப்பேரில் சேர்ந்ததே.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது. ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். மூட்டு வராவிட்டால் போல்ட்டின் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும்; புல்லர் கொண்டு பிடுங்குவதே முறை. ஸ்பிலிட் பின் போடும் துளை நேர்படாவிட்டால் நட்டைத் தளர்த்தலாகாது. அடுத்த பிளவு வரும்வரை சற்று இறுக்கவேண்டும். பழைய பின்னை மறுபடி போடுவது சிக்கனமன்று. பவர் ஸ்டீரிங்குக்கு, வண்டியின் புத்தகம் கூறும் ஆயிலையே ஊற்றவேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஸீல்கள் ஊதிக் கெடும்.

ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீரிங் சக்கரத்தை வீட்டில் கழற்றவே கூடாது. அதனடியில் மெல்லிய மின் நாடா ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தண்டைப் பிரித்துவிட்டுச் சக்கரத்தை இஷ்டம்போல் சுழலவிட்டால் அந்நாடா அறுந்துபோகும். விபத்து நேரும்போது ஏர்பேக் விரியாமற் போகலாம். இவ்வேலையைத் தேர்ந்தவர்களிடம் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் நாம் ஸ்பேனரை எடுத்தால், பக்கத்தில் நமது பெண் நோட்டும் பென்ஸிலுமாக உட்கார்ந்து சுற்றுகளை உரக்க எண்ணுகிறாள். வேலை முடிந்ததும் வண்டி முதலில் போவது அலைன்மெண்ட் பட்டறைக்கு. பிறகுதான் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு.