தேனெறும்பு ஏறிய பள்ளிச் சுவர்

பாப்புன்யா, மத்திய ஆஸ்திரேலியா, 1971

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கி.மீ. தொலைவில், பாலைநிலத்தில் இருக்கிறது பாப்புன்யா. 1971-இல் அங்கே ஓவிய ஆசிரியராக வந்தவர் ஜெஃப்ரி பார்டன். பழங்குடிப் பிள்ளைகள் மணலில் விரலால் கோடிழுத்துக் கதை சொல்வதைக் கண்ட அவர், வகுப்பிலும் அப்படியே வரையச் சொன்னார். ஆனால் சில கோலங்களை வரையும் உரிமை பெரியவர்களுக்கே உண்டு. அதனால் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைத் தீட்டியவர்கள், காப்பா ஜாம்பிஜின்பா உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்கள்.

ஏன் தேனெறும்பு? அம்மக்களின் நம்பிக்கையில், பாப்புன்யாவே தேனெறும்பு மூதாதையரின் தலம். முல்கா மரங்களின் அடியில், மண்ணுக்குள் இந்த எறும்புகள் வாழ்கின்றன. கூட்டில் சில எறும்புகள் மட்டும் இனிப்புச் சாற்றை வயிற்றில் தேக்கி, திராட்சைப்பழம்போல் உப்பித் தொங்கும். பெண்கள் பிள்ளைகளோடு போய்த் தோண்டுவார்கள். எந்த மரத்தடி, எங்கே துளை, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அங்கேயே பாடம். நம் பாடநூல்கள் ஓவியத்தையும் இயற்கையையும் தனித்தனி வகுப்பாக்கிவிட்டன!

1972-இல் அவ்வூர் ஓவியர்கள் பாப்புன்யா தூலா என்ற தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்தச் சுவரோவியமோ 1974-இல் பெயின்ட் பூசி மறைக்கப்பட்டது.

இவ்வோவியங்களில் ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள் நீர்நிலையையோ தங்குமிடத்தையோ குறிக்கலாம். ஒரு பக்கம் திறந்த வளைவு, உட்கார்ந்திருக்கும் ஆளைக் குறிக்கும்.

ஆசிரியர்களுக்கு: இந்த ஓவியங்களைப் பிள்ளைகள் நகலெடுக்க வேண்டாம், அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். மணல் தட்டில் தங்கள் தெருவை, அதில் வாழும் ஓர் உயிரை, சொந்தக் குறிகளால் வரையட்டும்.